தீ உட்காரும் இடம்: வீட்டு அடுப்பும் பட்டறை உலையும் போடும் முறை

வீட்டில் "உலை வெச்சாச்சா?" என்று கேட்டால் அரிசி போடத் தண்ணீர் கொதிக்கிறதா என்று அர்த்தம். அதே உலை என்கிற சொல்லைக் கொல்லுப்பட்டறையில் சொன்னால் இரும்பு பழுக்கிற நெருப்புக்குழி. இரண்டு வேலைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது தற்செயல் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் மண் அடுப்பு ஒன்றும், கொட்டகை ஓரத்தில் அரிவாள், களைக்கொத்து சரிசெய்ய ஒரு சின்ன உலையும் நானே போட்டு வைத்திருக்கிறேன், இரண்டிலும் கெட்டுப்போனதும் ஒரே விஷயத்தால், சரியானதும் ஒரே விஷயத்தால். தீ எங்கே உட்காருகிறது, அதற்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது. இவ்வளவுதான் விஷயம். இன்ஜினியரிங் படித்தவர்கள் ஹார்த் என்று சொல்வதும் இதைத்தான்: வீட்டில் என்றால் தீ எரியும் தரை, உலோகம் உருக்கும் உலையில் என்றால் உருகிய உலோகம் வந்து தேங்கும் அடித்தளம்.

முதலில் வீட்டு அடுப்பு.

கேஸ் வந்த பிறகு எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ராகிக் களி கிண்டுகிற வீடுகளில் இந்தக் கேள்வியே வராது. களி கிண்டும்போது கோலைப் பானையின் அடியில் ஊன்றி, இரண்டு கையாலும் அழுத்திச் சுற்ற வேண்டும், பானை ஒரு பக்கம் நழுவப் பார்க்கும், அதைக் கவைக்கோல் வைத்து மிதித்துப் பிடித்துக்கொள்வார்கள். கேஸ் அடுப்பின் மெல்லிய கால்கள் மேல் அதைச் செய்ய முடியாது. தரையோடு தரையாக, கனமாக உட்கார்ந்திருக்கிற மண் அடுப்புதான் தாங்கும். வெந்நீருக்கும் அப்படித்தான், புறக்கடையில் தென்னம்பாளையையும் மட்டையையும் போட்டு எரித்தால் செலவே இல்லை.

இடம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிழக்கு பார்த்து உட்கார்ந்து சமைப்பது நம் வழக்கம். அப்படிப் போட்டால் சமைக்கிறவர் பக்கம் இருக்கிற அடுப்பு வாய் மேற்கே பார்க்கும். உள் அடுக்களையில் முதுகுப் பக்கம் சுவர் இருப்பதால் ஒன்றும் ஆகாது. வெட்டவெளியில் போட்டால் ஆடிக்காற்று நேரே வாய்க்குள் புகுந்து, தீயைப் பின்னால் தள்ளி, சாம்பலைப் பானைக்குள் தூக்கிப் போடும். ஆகவே வெளியில் போடுகிறவர்கள் மேற்குப் பக்கம் இடுப்பளவு மண் தடுப்போ ஓலைத் தட்டியோ கட்டிக்கொண்டு பிறகு அடுப்பை ஆரம்பியுங்கள். ஓலைத் தட்டி என்றால் நாலு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

மண் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் அடுப்பை ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணை மட்டும் வைத்துப் போட்டேன். பிசையும்போது வெண்ணெய் மாதிரி இருந்தது, கைக்கு அவ்வளவு சுகம். நாலாம் நாளே தீ மூட்டினேன். வாயின் மேல் விளிம்பிலிருந்து பின் சுவர் வரைக்கும் ஒரே விரிசல், களிப்பானை சாய்ந்து பாதி மாவுத்தண்ணீர் நெருப்பில் கொட்டியது. ஆயா பக்கத்தில் வந்து விரிசலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மண்ணு மட்டும் இருந்தா சுருங்கும்டா, அதுக்கு எலும்பு வேணும், நாரு வேணும்" என்றார். எலும்பு என்றால் மணல். நார் என்றால் வைக்கோல். களிமண் காயும்போது தண்ணீர் போகப் போகச் சுருங்கும். மணல் சுருங்காது, அதனால் சுருக்கத்தைத் தடுத்து நிற்கும். வைக்கோல் துண்டு விரிசல் ஓடாமல் இழுத்துப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நான் கலக்கும் கணக்கு இது. புற்று மண் மூன்று கூடை (கரையான் அரைத்து ஒட்டிய மண், இதைவிட நயமான மண் அடுப்புக்குக் கிடையாது, ஆனால் வழிபடுகிற புற்றைத் தொடாதீர்கள், ஆள் புழங்காத வரப்பில் கைவிட்ட புற்றாகப் பாருங்கள், பாம்பு இருக்கிறதா என்று கடப்பாரையால் தட்டிப் பார்த்த பிறகே கை வையுங்கள்). அது இல்லையென்றால் சலித்த செம்மண்ணோடு கொஞ்சம் களிமண். கூடவே மணல் ஒரு கூடை, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் இரண்டு கை, பசுஞ்சாணம் ஒரு பெரிய உருண்டை. ராத்திரி ஊறப் போட்டு, காலையில் காலால் மிதித்து, ஈரச் சாக்கால் மூடி இரண்டு நாள் விடுங்கள். புளித்த வாசனை வரும். மறுபடி மிதித்து, ஒரு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். தட்டையாகி உடையாமல் கிடந்தால் பதம், சிதறினால் மண் போதாது, அப்பளம் போலப் பரவினால் தண்ணீர் அதிகம்.

இப்போது அடித்தளம். சுவர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் எல்லோரும் அதிலேயே கவனம் வைப்பார்கள். ஆனால் தீ உட்காருவது அடியில். ஒரு முழம் சதுரத்துக்கு நாலு விரற்கடை ஆழம் தோண்டி, உடைந்த ஓட்டுச் சில்லும் காய்ந்த மணலும் போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். ஆற்றுக் கூழாங்கல் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். மணல் போடுவதற்குக் காரணம் உண்டு, தரை ஈரம் மேலே ஏறாது, மேலே எரிகிற சூடும் நேராகப் பூமிக்குள் இறங்காது. அடியில் ஈரம் இருக்கிற அடுப்பில் விறகின் சூடு முதலில் அந்த ஈரத்தை உலர்த்தத்தான் போகும், உலை கொதிக்கவே நேரமாகும். அந்த மணல்மேல் இரண்டு விரற்கடை மண் பூசி, நடுவில் லேசாக, ஒரு தட்டு மாதிரி குழித்து விடுங்கள். கங்கு தானாக நடுவுக்கு உருண்டு வரும். கங்கு சேர்ந்திருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும், தனியாக விலகிக் கிடக்கும் கங்கு கருத்துவிடும்.

சுவரைக் குதிரை லாடம் போல வளைத்து எழுப்புங்கள். எந்தப் பானை அதிகம் ஏறுமோ அதையே நடுவில் கவிழ்த்து, சாக்கு சுற்றி, அதைச் சுற்றி உருண்டை உருண்டையாக மண் வைத்து அழுத்தினால் அளவு தப்பாது. உள் அகலம் ஒரு சாண், உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, சுவர் கனம் நாலு விரற்கடை. ஒரே நாளில் முழு உயரமும் ஏற்றாதீர்கள், கீழ்ச்சுவர் பிதுங்கும். பாதி ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு, தண்ணீர் தொட்டு மீதியை ஏற்றுங்கள்.

மேலே குமிழ். மூன்றுதான் வைக்க வேண்டும், நாலு வைத்தால் பானை ஆடும், மூன்று புள்ளியில் உட்காருவது எதுவும் ஆடாது. கட்டைவிரல் கனத்துக்கு உயரம் போதும். குமிழுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சந்துதான் தீ பானையின் பக்கத்தைத் தழுவிக்கொண்டு வெளியேறும் வழி. சந்து அதிகமானால் சூடு வீணாகப் போகும், குறைந்தால் தீ மூச்சு முட்டி, வாய் வழியாகப் புகை திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். புகை வருகிற அடுப்பைப் பார்த்து விறகைத் திட்டுவதற்கு முன்னால் குமிழைப் பாருங்கள்.

கொடி அடுப்பு வேண்டுமென்றால் பின் சுவரில் ஒரு கைமுஷ்டி நுழையும் துளை விட்டு, அது மேல்நோக்கி ஏறுகிற மாதிரி வழி வைத்து, பக்கத்தில் சின்ன அடுப்பு ஒன்றைக் கட்டிவிடுங்கள். முன்னால் சோறு வேகும்போது பின்னால் ரசம் கொதிக்கும்.

காய விடுவதில் பொறுமை வேண்டும். நிழலில் ஏழு நாளிலிருந்து பத்து நாள். மயிர்விரிசல் விழுந்தால் அதே மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசுங்கள். அப்புறம் மூன்று நாள் வெறும் ராகித்தாளும் சுள்ளியும் போட்டுப் பத்துப் பத்து நிமிஷம் எரித்து, நாலாம் நாள்தான் விறகு. எங்கள் வீட்டில் முதலில் பால்தான் காய்ச்சுவோம்.

எரிக்கும்போது ஒன்று. சாம்பலை முழுசாக வாரித் துடைத்து எடுக்காதீர்கள். ஒரு விரற்கடை சாம்பல் எப்போதும் அடியில் கிடக்கட்டும். கங்குக்கு அது மெத்தை, சூட்டைக் கீழே விடாது. அதற்கு மேல் சேர்ந்தால் காற்று வழி அடைபடும், அப்போது வாரினால் போதும். விறகைக் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் காற்றுப் போகிற மாதிரி வையுங்கள், வாயை விறகால் அடைக்காதீர்கள்.

அடுப்பு நமக்கு வெறும் சமையல் சாமான் இல்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அண்ணன் தம்பி பிரிந்தால் "தனி அடுப்பு வெச்சுட்டாங்க" என்கிறோம். வீடு கட்டி முடித்தால் பால் காய்ச்சித்தான் குடிபோகிறோம். வீட்டில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்டுவதில்லை, பங்காளி வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ சோறு வரும். கல்யாணத்துக்கு ஊரே கூடும்போது வாய்க்கால் மாதிரி நீளமாகக் கோட்டை அடுப்பு வெட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மெழுகிக் கோலம் போடுவதும், அடுப்பில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவதும் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு, அடுப்பு எரிந்தால்தான் குடும்பம் நடக்கிறது என்று அர்த்தம், அந்த மரியாதை அதற்குக் குறையக் கூடாது.

சரி, பட்டறை உலைக்கு வருவோம்.

வீட்டு அடுப்பில் காற்று தானாக வருகிறது. அதுவே சோற்றுக்குப் போதும். இரும்புக்குப் போதாது. இரும்பு அடிபடுகிற பதத்துக்கு வர 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், நன்றாக வளைத்து நீட்ட 1,100 டிகிரி பக்கம் போக வேண்டும். அதற்குக் காற்றை நாம்தான் தள்ள வேண்டும், அதுவும் பரவலாக இல்லை, ஒரே இடத்தில். அடுக்களையில் ஊதாங்குழல் வைத்து ஊதும்போது ஊதின இடம் மட்டும் வெள்ளையாக ஜொலிக்கிறதே, அதைத்தான் துருத்தி பெரிய அளவில் செய்கிறது. கேமராவில் நாம் சொல்கிற ஃபோக்கஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் அடுப்பு என்றுதான் அர்த்தம், 1604-ல் கெப்லர் அதை ஒளி குவிகிற புள்ளிக்குப் பெயராக எடுத்துக்கொண்டார். உலையில் நாம் உண்டாக்குவதும் அப்படி ஒரு புள்ளிதான்.

சின்ன உலைக்கு ஒரு முழம் நீளம், முக்கால் முழம் அகலம் போதும். நின்றுகொண்டு வேலை செய்ய இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்தில் செங்கல் மேடை கட்டி, அதன் மேல் நான் சொன்ன அதே மண் கலவையை (சாணம் குறைத்து, மணல் கூட்டி) ஒரு கை கனத்துக்குப் போட்டு, நடுவில் சோற்றுக் கிண்ணம் அளவு குழி எடுங்கள். சிமெண்ட் தரையின் மேலேயே நெருப்புப் போடாதீர்கள், சிமெண்ட் சூட்டில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து தெறிக்கும்.

காற்றுக் குழாய்தான் உயிர். ஒரு அங்குல இரும்புக் குழாயைப் பக்கவாட்டில், குழியின் தரையிலிருந்து மூன்று அங்குலம் மேலே நுழைகிற மாதிரி வைக்க வேண்டும். நான் முதலில் குழியின் அடிமட்டத்திலேயே வைத்துவிட்டேன். காற்று கீழிருந்து வந்தால் எல்லாக் கரிக்கும் போகும் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் சாம்பலும் உருகின கசடும் வழிந்து வந்து குழாய் வாயை அடைத்துவிட்டது, காற்று போகாத குழாயின் முனை அந்தச் சூட்டில் தின்னப்பட்டு ஒரு விரற்கடை குறைந்து போயிருந்தது. பக்கத்து ஊர் ஆசாரி அண்ணாவிடம் காட்டினேன். அவர் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கசடு எறங்கறதுக்கு எடம் விடணும். மூக்குக்குக் கீழ வாய் இருக்கிற மாதிரி" என்றார்.

அந்த மூன்று அங்குலம் அதற்குத்தான். கரியிலிருக்கிற மண்ணும் சாம்பலும் இரும்பின் மேல் படிகிற செதிலும் சேர்ந்து உருகிக் கீழே இறங்கும், அங்கே ஆறிக் கட்டியாகும். வேலை நடுவில் கம்பியால் குத்திக் கிளப்பி அந்தக் கட்டியை எடுத்துவிட வேண்டும். குழாய் முனைக்கு மேல் இரண்டு விரற்கடை கனம் மண் பூசி, அடுப்பைப் போலவே நிழலில் காய விடுங்கள். ஜி.ஐ. குழாயைத் தொடவே வேண்டாம், அதன் மேல் இருக்கிற துத்தநாகம் சூட்டில் புகையாகும், அதைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும்.

தோல் துருத்தி இன்று எல்லோருக்கும் கிடைக்காது. கையால் சுற்றுகிற புளோயர் போதும், பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். மின்சாரப் புளோயர் வைத்தால் நடுவில் ஒரு அடைப்பான் தகடு வைத்துக் காற்றைக் குறைக்க வழி செய்யுங்கள், காற்று எப்போதும் முழு வேகத்தில் வந்தால் கரிதான் காலியாகும்.

கரி மரக்கரியாக இருக்கட்டும். வேலிக்காத்தான் கரி சுலபமாகக் கிடைக்கும், நல்ல சூடும் கொடுக்கும். கொட்டாங்குச்சிக் கரி வேகமாகச் சூடேறும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடுங்கள். தூளாக இருந்தால் காற்று பறக்கடிக்கும், பெரிதாக இருந்தால் நடுவில் ஓட்டை விழுந்து காற்று வீணாகும். தீ சுற்றிப் பரவ ஆரம்பித்தால் ஓரத்துக் கரிமேல் தண்ணீர் தெளித்து அடக்குங்கள், நடுவில் மட்டும் ஒரு தேங்காய் அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

இரும்பை எங்கே வைப்பது என்பது அடுத்தது. குழாய் முனைக்கு நேராக வைக்கவே கூடாது. அங்கே பயன்படாத காற்று மிச்சம் இருக்கும், அது இரும்பை எரித்துச் செதில் செதிலாக உதிர்க்கும். முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேலே, காற்றையெல்லாம் கரி தின்று முடித்த இடம்தான் இரும்புக்குப் பாதுகாப்பு. கீழே மூன்று நாலு அங்குலம் எரிகிற கரி, மேலேயும் கரி மூடி, நடுவில் இரும்பு படுத்திருக்க வேண்டும். கீழே குத்தி நிறுத்தாதீர்கள்.

நிறம் பார்க்க நிழல் வேண்டும், வெயிலில் சிவப்பு தெரியாது. மங்கின சிவப்பு என்றால் 700 பக்கம், அதில் அடித்தால் விரிசல் விழும். ஆரஞ்சு நிறம் 900-க்கு மேல், சாதாரண வேலைக்கு நல்லது. மஞ்சள் என்றால் 1,100-க்கு மேல், அழுத்தமாக அடித்து உருவம் மாற்றலாம். மத்தாப்பு மாதிரி பொறி பறந்தால் இரும்பு எரிகிறது, அந்த முனையை வெட்டிப் போட்டுவிட வேண்டியதுதான், திரும்பச் சரியாகாது. அரிவாள் வாய்க்குத் துவைச்சல் (சூடேற்றிச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்குவது) கொடுக்கும்போது கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி பக்கம் போனதும் எஃகு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றே சூடேற்றி, வாய்ப்பகுதியை மட்டும் எண்ணெயில் முக்குங்கள். அதோடு விட்டால் கல்லில் பட்டதும் கண்ணாடி போலத் தெறிக்கும், ஆகவே வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்தை மெதுவாகச் சூடாக்கி, வைக்கோல் நிற மஞ்சள் வாய்க்கு ஓடி வந்ததும் நிறுத்துங்கள்.

குழந்தைகள் கிட்டே வரக் கூடாது. இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று நம் பெரியவர்கள் சொன்னது சரியாகத்தான் சொன்னார்கள். கண்ணாடி போடுங்கள், நைலான் துணி வேண்டாம், கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். மூடின அறையில் எரிகிற கரி வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடை விடும், தூக்கம் வருகிற மாதிரி ஆளைச் சாய்க்கும்.

இந்த மண்ணில் இந்த வேலை புதிது இல்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்புக் காலத்துத் தடயங்களின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குட்டூரில் இரும்பு உருக்கிய உலையே கிடைத்திருக்கிறது. தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக அரண்மனையில் இருக்கின்றன, எங்களவனுடையவை போரில் நுனி உடைந்து கொல்லன் பட்டறைக் குடிசையில் கிடக்கின்றன என்று சொன்னார். ஒரு ஊரின் போர் வலிமையைச் சொல்ல அவர் கையைக் காட்டியது உலை எரிகிற குடிசையை நோக்கித்தான்.

அந்தக் காலத்து உருக்கு உலைகளில் ஹார்த் என்கிற அடித்தளத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆளுயரத்துக்கும் குறைவான மண் கூண்டு, மேலிருந்து இரும்புத் தாதுவும் கரியும் மாறி மாறிப் போடுவார்கள், கீழே துருத்திக் காற்று. அங்கே இரும்பு முழுசாக உருகுவதில்லை, அது உருக 1,538 டிகிரி வேண்டும். கசடுதான் உருகி வழியும், இரும்பு கடற்பஞ்சு மாதிரி ஒரு கட்டியாக அடியில் உட்கார்ந்துவிடும், அதை இழுத்து அடித்துக் கசடைப் பிழிந்து எடுப்பார்கள். இன்றைய ஊது உலையில் சூடு கூடுதல், இரும்பு கரியையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் உருகும் சூடும் குறைந்துவிடும். அதனால் திரவமாகவே அடித்தளத்தில் தேங்கும். இலேசான கசடு மேலே மிதக்கும், கனமான இரும்பு கீழே நிற்கும், கீழே இருக்கிற துளையைத் திறந்து வடிப்பார்கள். காற்றுக் குழாய்கள் அந்தத் தேக்கத்துக்கு மேலேதான் இருக்கும். ஆசாரி அண்ணா சொன்ன மூக்கும் வாயும் கணக்கு அங்கேயும் மாறவில்லை. 1860-களில் ஐரோப்பாவில் சீமென்ஸ், மார்ட்டின் இருவர் பெயரில் வந்த ஓப்பன் ஹார்த் உலைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதன் அடித்தளத்தால்தான், தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும், தீ மேலே தடவிக்கொண்டு போய் எஃகைக் காய்ச்சும்.

வேலை முடிந்ததும் அணைக்கிற முறையும் இரண்டுக்கும் வேறு. வீட்டு அடுப்பில் ஒரு பெரிய கங்கைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே ஒரு வறட்டித் துண்டை வைத்துவிட்டால் காலையில் ஊதினதும் பற்றும், ஆயா தீப்பெட்டி வாங்கிய காலம் ரொம்பக் குறைவு. உலையில் அப்படிச் செய்யாதீர்கள். கரியைக் குழியிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பரப்பி, கருத்ததைப் பொறுக்கி வைத்து, புளோயரைக் குழாயிலிருந்து கழற்றி விடுங்கள். கழற்றாமல் காற்றை மட்டும் நிறுத்தினால் எரிகிற கரியின் வாயு குழாய் வழியாகத் திரும்பிப் புளோயருக்குள் சேரும், அடுத்த முறை சுற்றும்போது பட்டென்று வெடிக்கும்.